போண்டாவைக் கட்டிப் போட்டவர்

காப்பகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். உண்ணி எடுப்பது, மாத்திரையை ரொட்டிக்குள் ஒளித்துக் கொடுப்பது, கடிக்கப் போகிற நாயைக் காதைப் பார்த்தே கண்டுபிடிப்பது இதெல்லாம் டாக்டர் சொல்லித் தருவார். கையும் தானாகப் பழகிவிடும். நான் சொல்ல வந்தது உங்கள் கோபத்தைப் பற்றி.

கோபம் வரும். முதல் வாரமே வரும். எனக்கும் வந்தது, ஓய்வு பெறும் வரைக்கும் வந்துகொண்டேதான் இருந்தது. புது சோபா வாங்கியிருக்கிறோம், முடி ஒட்டுகிறது என்று ஒரு லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். "அப்ப சோபாவ இங்க விட்டுட்டு நாயைக் கூட்டிட்டுப் போங்க. நாங்க உக்காந்துக்கிறோம்" என்றேன். அவர் முறைத்தார். நாயைக் கூட்டிக்கொண்டுதான் போனார். இப்படி நான்கு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டால் நமக்கு மனிதர்களை எடைபோடத் தெரிந்துவிட்டது என்று ஒரு திமிர் வரும். அந்தத் திமிரிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

உங்களில் பலர் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற சென்னை, கோவைப் பிள்ளைகள். நான் இந்த மராத்தி ஊரிலேயே பிறந்தவள். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, கடையில் மராத்தி. இந்தத் தமிழ் எழுத்து சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டது. பிழை இருந்தால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாயை விட வருகிற யாராக இருந்தாலும் முதல் பதில், "ஜகா நஹீ ஹை." இடமில்லை. கூண்டு காலியாக இருந்தாலும் இல்லைதான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காப்பகத்தைத் தொடங்கிய மேடம். பெயர் போட்டால் இப்போதும் போன் பண்ணித் திட்டுவார், அதனால் மேடம் என்றே சொல்கிறேன். சலித்துப்போய் விட வருகிறவன் இடமில்லை என்றால் வீட்டுக்குப் போய் இன்னொரு மாதம் வைத்துப் பார்ப்பான், அந்த ஒரு மாதத்தில் மனசு மாறிவிடும் என்பது அவர் கணக்கு. முக்கால்வாசிப் பேர் விஷயத்தில் அது சரியாகவும் இருந்தது.

ஆனால் மேடம் இல்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். எழுந்து, வந்தவரோடு கேட் வரைக்கும் நடப்பார். வெயில், மழை, எதுவானாலும் சரி. நாய் என்ன சாப்பிடும், எங்கே படுக்கும் என்று ஏதாவது பேசிக்கொண்டே போவார். மேசைக்கு முன்னால் ஒரு பேச்சு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு பேச்சு. கேட்டில் கை வைத்த பிறகுதான் சிலருக்கு வாய் திறக்கும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார், மனைவிக்கு மூச்சு இளைக்கிறது, வேலை போய்விட்டது என்று அங்கேதான் சொல்வார்கள். சொன்னவர்களை மேடம் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு வந்து டீ கொடுப்பார். அப்போது கூண்டு எப்படியோ கிடைத்துவிடும்.

மேடத்துக்கு முழங்கால் போன பிறகு அந்த நாற்காலி எனக்கு வந்தது. ஒரு பக்கம் போன் அடிக்கும், ஒரு பக்கம் வண்டியில் அடிபட்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இல்லை என்று சொல்வதை நான் விடவில்லை. கேட் வரைக்கும் நடப்பது மட்டும் எப்படியோ நின்றுபோனது. இல்லை என்பது வழக்கத்தில் பாதிதான், கேட் வரைக்கும் நடக்கிற இரக்கம்தான் மீதிப் பாதி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு கோடைக்காலக் காலை. காப்பகத்துக்கு வந்து இறங்கினால், கேட்டில் பச்சை நைலான் கயிற்றால் ஒரு நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பழுப்பு நிறம், உருண்டை முகம், நாட்டு நாய். பக்கத்தில் ஒரு பழைய பனியன் மடித்து விரித்திருந்தது. ஒரு எவர்சில்வர் டப்பாவில் சோறு. நாய் அதைத் தொடவில்லை, கடக்வாஸ்லா அணைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பனியன் மேல் படுத்தது. ராத்திரி சாமானைப் போட்டுவிட்டு ஓடுகிற மாதிரி ஓடியிருக்கிறானே என்று திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தேன்.

உள்ளே கொண்டுவந்த பிறகும் அது யார் பேச்சையும் கேட்கவில்லை. வா, உட்கார் என்பதையே ஹிந்தியில் "ஆ ஜா", "பைட்", மராத்தியில் "இகடே யே" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காது கேட்காதோ என்று டாக்டருக்கே சந்தேகம். அப்போது என் தங்கை போன் பண்ணினாள். அவளுக்கும் மாமியாருக்கும் வழக்கம்போல ஏதோ தகராறு. "நீ ஒண்ணும் பேசாத. பேசாம உக்காரு!" என்று கத்தினேன்.

நாய் பட்டென்று உட்கார்ந்தது.

எல்லாரும் சிரித்தோம். "வா" என்றேன், ஓடி வந்தது. என் கையை நக்கிவிட்டு முகத்தைப் பார்த்தது. அடடா, நீ நம்ம ஊரா என்று அதன் தலையைக் கட்டிக்கொண்டேன். டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தால் தயிர்சாதம். அதற்கப்புறம் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கேவலம், தமிழ் ஆள் செய்த வேலை இது! வேறு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். பிழைக்க வந்த ஊரில் நம் பெயரை இப்படியா கெடுப்பது என்று அன்று முழுவதும் பொருமிக்கொண்டே இருந்தேன். இந்த ஊரில் நம் ஆள் ஒருவன் தப்புச் செய்தால் நாமே செய்துவிட்டது போலக் கூசுகிறோம் பாருங்கள், அந்தக் கூச்சம் நியாயத்தைப் பார்க்க விடாது.

கழுத்துப் பட்டையின் உட்பக்கம் பேனாவால் 'போண்டா' என்று எழுதியிருந்தது. போன் நம்பர் இல்லை. யாராவது தேடி வருவார்களா என்று வழக்கம்போலக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. கட்டிப் போட்டுவிட்டுப் போனவருக்கு அதன் மேல் உரிமை இல்லை என்பது காப்பகத்தின் விதி. ஹிஞ்சேவாடி அருகே அடுக்குமாடியில் இருக்கும் ஒரு மராத்திக் குடும்பம் தத்துக் கேட்டு வந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் கம்பெனி வண்டியில் போய் இருட்டிய பிறகு வருகிறவர்கள். சானிகா என்று ஒரு மகள், பள்ளியிலிருந்து வந்தால் வேலைக்கார அம்மாவோடு தனியாக இருக்கிற பிள்ளை. வீட்டை நானே போய்ப் பார்த்தேன். நல்ல வீடு, நல்ல மனிதர்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் தமிழ் வகுப்பு எடுத்தேன். வா, உக்காரு, போதும். இந்த மூன்றுதான் பாடம். அது 'உக்காரு'வை அழுத்தி அழுத்திச் சொல்லும், போண்டா ஒருமாதிரி சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்காரும். "மாவஷி, இதுக்கு மராத்தி எப்ப வரும்?" என்று மராத்தியில் கேட்டது. மாவஷி என்றால் சித்தி. உனக்குத் தமிழ் வந்த பிறகு என்றேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு ஆள் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தோய்த்து மடித்த சட்டை, கையில் நாய்க்கான புதுச் சங்கிலி. உடைந்த ஹிந்தியில், பழுப்பு நாய், கேட்டில், கோடையில் என்று தட்டுத்தடுமாறினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"தமிழா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஆமாங்க மேடம்! கோயமுத்தூருங்க. சிஞ்ச்வட்ல பார்ட்ஸ் கம்பெனில மெஷின் ஓட்டறனுங்க. பேரு சேகருங்க. இப்பத்தான் தரையோட ஒரு ரூம் கெடச்சுதுங்க. நாய் இருந்தாப் பரவால்லன்னுட்டாருங்க வீட்டுக்காரரு. போண்டாவைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அது பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துப் படுத்திருந்ததைச் சொன்னேன். சோறு இறங்காமல் விலா எலும்பு தெரிந்ததைச் சொன்னேன். "ஒரு வார்த்தை உள்ள வந்து சொல்றதுக்கு என்ன தம்பி கேடு? வாயில்லா ஜீவனத் திருடன் மாதிரிக் கட்டிப்போட்டுட்டு ஓடுவியா?"

அவர் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வந்து கேட்டனுங்களே."

"யாரைக் கேட்ட?"

"உங்களைத்தானுங்க. அதுக்கு முந்துன வாரம். இதே மேசைங்க. நான் குடியிருந்த சொசைட்டில நாயா, நீயான்னுட்டாங்க, எனக்கு ஹிந்தில சொல்ல வரலீங்க. நீங்க ஜகா இல்லைன்னீங்க. போன் வந்துதுங்க, எடுத்துப் பேசப் போயிட்டீங்க. கேட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்னு பாத்தனுங்க. அப்புறம் போயிட்டனுங்க."

எனக்கு அவர் முகம் ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் அன்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கேட் வரைக்கும் நடந்திருந்தால், அவருக்கும் நாய்க்கும் இந்தக் கதியே வந்திருக்காது. நாயைத் திருட்டுத்தனமாகக் கட்டிப் போட்டவர் என்று யாரைத் திட்டினேனோ அவரை அப்படி ஆக்கியதே என் நாக்கு.

இதைத் தெரிந்துகொண்ட அந்த நிமிடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் யோசியுங்கள். நான் செய்தது இதுதான்: விதியைப் பிடித்துக்கொண்டேன். "குடுத்தாச்சு தம்பி. நல்ல வீடு. சின்னப் பிள்ளை இருக்கு. திருப்பிக் கேக்க முடியாது" என்றேன். அதில் தப்பில்லை. இன்றைக்கு இருந்தாலும் அந்தப் பிள்ளையிடமிருந்து நாயைப் பிடுங்கமாட்டேன்.

"சரிங்க. நல்ல எடம்னா சரிங்க" என்றார். சங்கிலியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "ஒருக்கா கண்ணுல மட்டும் பாத்துட்டுப் போயர்றனுங்க. கிட்டக்கூடப் போக மாட்டனுங்க."

அதற்கும் மாட்டேன் என்றேன். உன்னைப் பார்த்தால் அதற்கு ஏக்கம் திரும்பி வரும், மறுபடி சோறு இறங்காது என்று சொன்னேன். அது உண்மையும்தான். ஆனால் அந்த உண்மையைச் சொன்ன வாயில் ஈவு இரக்கம் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, அதற்குத் துப்பில்லாமல் சட்டம் பேசினேன். குற்றம் நம் பக்கம் இருக்கும்போதுதான் விதி மிகவும் இனிக்கும். இதை மட்டும் எங்காவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி வந்தார். கூச்சமாக நின்றார். "லீவு நாளுங்க. ரூம்ல சும்மா உக்காந்திருக்க முடியலீங்க. ஏதாச்சும் வேலை இருந்தாக் குடுங்க" என்றார். லோக்கல் ரயில் பிடித்து, பஸ் மாறி, அவ்வளவு தூரம் வந்திருக்கிற மனிதரை எப்படி விரட்டுவது? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாய்களைக் குளிப்பாட்டும் வேலையைக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். யாரையும் கிட்டே சேர்க்காத நாய்கள்கூட அவரிடம் நுரையோடு நின்றன. அவற்றோடு தமிழில் பேசிக்கொண்டே தேய்ப்பார். "ஏனப்பா, காதுக்குள்ள இத்தனை அழுக்கு? உங்கம்மா குளிப்பாட்டி உடலியா?" காப்பகத்துப் பையன்கள் சிரிப்பார்கள். போண்டாவைப் பற்றி அவர் மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டில் கார் நிற்கிற சத்தம் கேட்டால் மட்டும் தேய்க்கிற கை நின்றுவிடும். யாரென்று பார்ப்பார். பிறகு குவளையை எடுப்பார்.

எனக்கு அது தாங்கவில்லை. அவர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு இன்னும் தாங்கவில்லை. ஒருநாள் சானிகாவின் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். இப்படி ஒருவர் இருக்கிறார், ஒரே ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டுவிடலாம் என்றுதான் பண்ணினேன். அந்த அம்மா வாய் ஓயாமல் பேசினாள். போண்டா இப்போது சானிகாவின் கட்டிலடியில்தான் தூங்குகிறதாம். அவள் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரம் அதற்குத் தெரிகிறதாம். "இது எங்களுக்கு வந்த அதிர்ஷ்டம் அக்கா" என்றாள். கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, தடுப்பூசி போட வேண்டிய நாள் நெருங்குகிறது, ஞாபகப்படுத்தக் கூப்பிட்டேன் என்றேன். சனிக்கிழமை வாருங்கள், ஞாயிறு கூட்டமாக இருக்கும் என்றும் சொல்லிவைத்தேன். அப்படியும் இப்படியும் சேகரும் போண்டாவும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பார்த்துக்கொண்டேன். சாமர்த்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மனிதர் போடுகிற கணக்கெல்லாம் எங்கே நடக்கிறது! சனிக்கிழமை அலுவலகத்தில் ஏதோ வேலை என்று அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்கள். தடுப்பூசிக்கு வாசலிலிருந்து வரிசை. நான் மேசையை விட்டு எழுந்து வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். கார் கதவு திறந்து சானிகா குதித்தாள், பின்னாலேயே போண்டா. நன்றாகச் சதை போட்டு, பளபளவென்று, சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு.

நான் முதலில் திரும்பிப் பார்த்தது தொட்டிப் பக்கம்தான். சேகர் ஒரு கிழ நாய்க்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்த்துவிட்டார். கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். ஓடி வரப்போகிறார் என்று நினைத்தேன். கர்த்தரே, வரட்டும் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அவர் ஓடி வரவில்லை. குனிந்து, தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

போண்டா பாதி வழியில் நின்றது. மூக்கைத் தூக்கியது. காற்று தொட்டிப் பக்கமிருந்து அடித்தது. உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்து, அடித்தொண்டையில் ஒரு முனகல், பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்துப் பாய்ந்தது. சானிகாவுக்குக் கை வலித்தது. "காய் ஜாலம் ரே?" என்னடா ஆச்சு என்று அவள் அப்பா ஓடிவந்து சங்கிலியைப் பிடித்தார். நான் அவர்களுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். விடுங்கள், அங்கே அதன் ஆள் இருக்கிறார் என்று சொன்னால் போதும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னால் அந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆகும் என்று பார்த்தேன். சொல்லாவிட்டால் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற முகம் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

அப்போது சானிகா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அழுகிற குரலில், நான் சொல்லிக் கொடுத்த தமிழில் கூப்பிட்டாள்.

"போண்டா. வா."

நாய் அவளைப் பார்த்தது. தொட்டியைப் பார்த்தது.

"வா, போண்டா. வா."

அது வந்தது. இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்து, அவள் மடியில் தலையை வைத்தது. ஊசி போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

கார் போன பிறகு சேகர் எழுந்து வந்தார். சட்டையெல்லாம் நனைந்து, முகத்தில் சோப்பு நுரை. விட்ட இடத்திலிருந்து அந்தக் கிழ நாயைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் தம்பி ஒளிஞ்சுக்கிட்ட?"

"நான் நின்னிருந்தா அவன் போயிருக்க மாட்டானுங்க அக்கா. பாப்பா அழுதிருக்கும்." தண்ணீரை மொண்டு ஊற்றினார். "நல்லாச் சதை போட்டிருக்கானுங்க. எங்கிட்ட இருக்கறப்ப இந்த அளவுக்கு இல்லீங்க." இன்னொரு குவளை ஊற்றிவிட்டு, "நான் கூப்பிடற மாதிரியே கூப்பிடுதுங்க அந்தப் பாப்பா. அதான் போயிட்டான்" என்றார். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இங்க எத்தனையோ இருக்கு தம்பி. உனக்குப் பிடிச்சதா ஒண்ணு கூட்டிட்டுப் போயேன். உன்னை மாதிரி ஆளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாங்க அக்கா. ஒருக்காக் கட்டிப் போட்டுட்டுப் போனவனுங்க நானு. நீங்க சொன்னது செரிதானுங்க."

அது செரி இல்லை தம்பி, கட்ட வைத்தது நான் என்று சொல்வதற்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வரிசையில் இருந்து யாரோ "மாவஷி, எவ்வளவு நேரம்?" என்று சத்தம் போட்டார்கள். வரேன் வரேன் என்று திரும்பினேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கிழ நாயைத் துடைத்துக் கூண்டில் விட்டார். துண்டைப் பிழிந்து கொடியில் காயப் போட்டார். அந்தப் புதுச் சங்கிலியைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் வந்துகொண்டிருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. அதை எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். மேசைப் பக்கம் வந்து, "வரனுங்க அக்கா" என்றார். அதன் பிறகு அவர் வரவேயில்லை. சிஞ்ச்வட்டில் எந்தக் கம்பெனி என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சங்கிலி இன்னும் அதே ஆணியில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், துருப்பிடித்துவிட்டது, யாரும் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருப்பதால் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இடமில்லை என்று சொல்லுங்கள், தப்பில்லை. சொல்லிவிட்டு எழுந்து நடங்கள். மேடம் எனக்குச் சொல்லாமலே செய்து காட்டியது அதுதான். நான் எத்தனையோ நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தேன் என்று என் பிரிவுபசாரத்தில் பேசினார்கள், மாலை போட்டார்கள். எனக்குக் கண்முன்னால் வந்தது ஈரச் சட்டையோடு போன அந்த முதுகுதான். வரனுங்க அக்கா என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து பார்த்தேன், சரி தம்பி என்றேன். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றும் நான் கேட் வரைக்கும் போகவில்லை.